மத்தியானத் தூக்கமும் மணிக்கு ஆயிரம் ரூபாயும்

எங்க ஊரில் உச்சி வெயிலில் யாரும் மாட்டைப் பூட்ட மாட்டார்கள். ஏர் ஓட்டின காலத்தில் விடியறதுக்கு முன்னாடியே பூட்டி, பத்து பத்தரைக்கெல்லாம் அவிழ்த்து விட்டுவிடுவோம். இப்போ டிராக்டர் வந்த பிறகும், ஓட்டுற பையன் ஒரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் புளியமரத்தடியில்தான் கிடக்கிறான். வண்டி ஓடும், ஆள் ஓடணுமே. செம்மறி ஆடுகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்கு மேல் அதுங்க மேயாது. ஒண்ணோட வயிற்று நிழலில் இன்னொண்ணு தலையை நுழைத்துக்கொண்டு, கூட்டமாக நிற்கும். அதட்டினாலும் நகராது. ஆடு மேய்க்கிறவரும் அதட்ட மாட்டார், அவரும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்.

இதை எதுக்குச் சொல்றேன் என்றால், இந்த மே மாசம் எங்க வீட்டில் ஒரு வாக்குவாதம். தீம் பார்க் கூட்டிக்கொண்டு போகும்போது சின்னப் பிள்ளைகளை மத்தியானம் படுக்க வைக்கணுமா, வேண்டாமா என்பதுதான் விஷயம். கேட்கும்போது இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோணும். குடும்பத்தோடு போய்ட்டு வந்தவங்களைக் கேளுங்க. அந்த நாள் சிரிப்பா முடியறதும் சண்டையா முடியறதும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கு.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனி. பேத்திக்கு ஏழு வயசு. பேரனுக்கு மூணு முடிந்து நாலு மாசம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைங்க இங்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கிடைத்தது அஞ்சே நாள் லீவு. அதில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கி, போனிலேயே டிக்கெட் போட்டுவிட்டார். எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஆறு பேர். பார்க் பேர் இங்கே வேண்டாம். இந்த விஷயத்தில் எல்லாப் பார்க்கும் ஒண்ணுதான்.

போறதுக்கு முந்தின ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். மகள் ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மத்தியானம் இவனை ஒரு மணி நேரம் எங்கயாச்சும் படுக்க வைக்கணும்ப்பா. இல்லைன்னா சாயங்காலம் ஆடித் தீர்த்துடுவான்."

மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "ஆறு பேருக்கு ஏழாயிரம் ரூபாய் மாமா. காலையில பத்தரையிலிருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் ஏழு மணி நேரம். மணிக்கு ஆயிரம். அங்க போய்த் தூங்கறதுக்கு ஆயிரம் ரூபாய் குடுக்கணுமா?"

கணக்கு சரியான கணக்குதான். நானும் கணக்குப் பார்க்கிற ஆள்தான். மஞ்சள் மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு, ஏத்துகூலி இறக்குகூலி கழித்துப் பார்க்கிறவனுக்கு ஆயிரம் ரூபாய் என்னவென்று தெரியாதா? மாப்பிள்ளை கஞ்சர் கிடையாது. வருசம் முழுக்கப் பிள்ளைகளோடு உட்கார நேரம் இல்லாத மனுசன், கிடைத்த ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைக்கூட விடக் கூடாது என்று நினைக்கிறார். அதில் குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் அவர் இன்னொண்ணும் கேட்டார்.

"ஏன் மாமா, உங்க ஊர்ப் பிள்ளைங்க நாள் முழுக்க வெயில்லதானே திரியுது? அதுங்களை யாரு கூப்பிட்டுப் படுக்க வைக்கறாங்க?"

நல்ல கேள்வி. ரெண்டு மூணு நாள் இதையே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

எங்க ஊர்ப் பிள்ளைங்க வெயிலில் திரிகிறது உண்மைதான். லீவு நாளில் காலையில் சைக்கிளை எடுத்தால் சாப்பாட்டுக்குத்தான் வரும். ஆனா கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அந்தப் பிள்ளையை யாரும் வரிசையில் நிறுத்தி வைக்கவில்லை. கால் வலித்தால் அது வாய்க்கால் மேட்டில் உட்காரும். வெயில் சுட்டால் வேப்பமரத்துக்குக் கீழே போகும். தாகம் எடுத்தால் யார் வீட்டுத் திண்ணையிலோ ஏறி "ஆத்தா, தண்ணி" என்று கேட்கும். மூணு வயசுப் பிள்ளையாக இருந்தால், விளையாடிக்கொண்டே இருந்தது திடீரென்று காணாமல் போகும். தேடினால் கட்டிலுக்கு அடியிலோ, மாட்டுக்குப் போட்ட வைக்கோலிலோ தூங்கிக்கொண்டிருக்கும். பண்ணையத்து வேலைக்கு வருகிற பொம்பளைங்க கைக்குழந்தையைக் கொண்டு வந்தால், முதல் வேலையாக மரக்கிளையில் சேலையில் தொட்டில் கட்டிவிட்டுத்தான் களைக்கொத்தை எடுப்பார்கள்.

அதாவது, இங்கே பிள்ளைக்கு ஓய்வு கொடுக்கிறது யாரும் இல்லை. அதுவே எடுத்துக்கொள்கிறது. பார்க்கில் அது முடியாது. அங்கே அடுத்த ஆட்டம் எது, எப்போ சாப்பாடு, எங்கே நிற்கணும் எல்லாம் பெரியவங்க கையில் இருக்கு. கூட்டத்தில் கையை விட முடியாது. நினைத்த இடத்தில் உட்கார முடியாது. அதனால் இங்கே தானாக நடக்கிற ஓய்வை, அங்கே நாம்தான் யோசித்துக் கொடுக்கணும்.

திருவிழாவிலும் இப்படித்தான் இருந்தது. எங்க பக்கத்தில் ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோவில் தேர்த் திருவிழா பெரிய விசேஷம். குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் அங்கே பேர் போனது. நாங்க சின்னப் பிள்ளையா இருந்தபோது அதுதான் எங்க தீம் பார்க். மாட்டு வண்டி கட்டி, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போவோம். ராட்டினம், வளையல் கடை, பொரி, குதிரை, கூட்டம்! காலையில் இறங்கினதும் ஒரு சுத்து. மத்தியானம் வண்டிக்குத் திரும்பி, சோறு தின்றுவிட்டு, வண்டிக்கு அடியில் வைக்கோலைப் பரப்பிச் சின்னதுகள் எல்லாம் படுக்கணும். எங்க அப்பத்தா கறாரான பொம்பளை. மத்தியானம் கண்ணை மூடினவனுக்குத்தான் சாயங்காலம் ராட்டினத்துக்குக் காசு. கண்ணை மூடுற மாதிரி நடிப்போம், அப்படியே தூங்கியும் போவோம். முழிக்கும்போது வெயில் இறங்கியிருக்கும். காசும் கிடைக்கும். ராத்திரி விளக்கு போட்ட பிறகுதான் திருவிழாவே அழகு. அதை முழுசாப் பார்க்கத் தெம்பு இருக்கணும் என்பது அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கு. பள்ளிக்கூடம் போகாத பொம்பளை.

எங்க ஊர் அங்கன்வாடியிலும் தினம் நடக்கிறது இதுதான். 1975-ல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம் அது. பட்டணத்தில் இருக்கிறவங்க முட்டையும் சத்துமாவும் கொடுக்கிற இடம் என்று மட்டும் நினைத்துக்கொள்வார்கள். மத்தியானம் சோறு போட்ட பிறகு அந்த அம்மா பாயை விரித்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைப்பதை நீங்க ஒரு தடவை பார்க்கணும். ஒரு பிள்ளை தூங்கினால் பக்கத்துப் பிள்ளையும் தூங்கும். தூங்காத ஒண்ணு ரெண்டு பேர் கூரையைப் பார்த்துக்கொண்டு விரலை எண்ணிக்கொண்டு கிடப்பார்கள். அதுவும் ஓய்வுதான்.

மகள் அன்றைக்கு ராத்திரியே போனில் எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். உலக சுகாதார நிறுவனம் அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்காக 2019-ல் ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறார்கள். ஒண்ணு, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11-லிருந்து 14 மணி நேரத் தூக்கம். மூணு, நாலு வயசுக்கு 10-லிருந்து 13 மணி நேரம். பகல் தூக்கத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பெரும்பாலான பிள்ளைங்க அஞ்சு வயசுக்குள்ளே பகல் தூக்கத்தைத் தானாகவே விட்டுவிடும்.

மாப்பிள்ளை கணக்குப் போட்டார் இல்லையா, நானும் ஒரு கணக்குப் போட்டேன். நாளைக்குப் போற சந்தோஷத்தில் பேரன் படுக்கும்போது மணி பத்தரை. விடிகாலை ஆறு மணிக்குக் கார் கிளம்பணும் என்று அஞ்சு மணிக்கு எழுப்பினார்கள். ஆறரை மணி நேரம். குறைந்தது பத்து மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளை, மூணரை மணி நேரக் கடனோடுதான் பார்க் வாசலில் இறங்கப் போகிறது. இது எங்க வீட்டில் மட்டும் இல்லை. சுற்றுலா போகிற எல்லா வீட்டிலும் முந்தின ராத்திரி இப்படித்தான். மாப்பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது ஒரு பழைய நாலு முழ வேட்டியையும், ரெண்டு துண்டையும், பேரனுக்கு ஒரு செட் பருத்தித் துணியையும் பையில் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரி அஞ்சாறு பூவன் பழத்தை வைத்தாள்.

வாசலில் பையைச் சோதிக்கிற இடத்தில் பழத்தை விடமாட்டேன் என்றார்கள். வெளிச் சாப்பாடு கூடாதாம். "சின்னக் கொழந்தைக்குங்க" என்று இவள் பேரனைக் காட்டினதும் ரெண்டை மட்டும் விட்டார்கள். மிச்சத்தை அங்கேயே நின்று நாங்க தின்று தீர்த்தோம்.

உள்ளே போனதும் ஒரு பலகையில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் அளக்கிறார்கள். டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இவ்வளவு உயரம் இருக்கணும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காக. அது சரிதான். ஆனா அதைப் படித்துக்கொண்டே போனபோது எனக்கு ஒண்ணு புரிந்தது. எங்க பேரன் ஏறக்கூடிய ஆட்டம் எண்ணி ஏழு. குட்டி ரயில், குதிரை ராட்டினம், சுத்துற கோப்பை, சின்னக் குளம், இப்படி. இந்த ஏழையும் பன்னிரண்டரைக்குள் முடித்துவிட்டான், குதிரையில் மூணு தடவை. அவனுக்கு அந்த ஏழாயிரத்தில் வர வேண்டியது அதற்குள் வந்துவிட்டது. மத்தியானம் அவன் தூங்குகிற ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் போகவில்லை. முழிச்சிருந்தாலும் அவன் அக்காவுக்காக வரிசையில்தான் நின்றிருப்பான்.

அந்த ரெண்டு மணி நேரம் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தண்ணியைக் கண்ட எருமைக் கன்று மாதிரி. "அப்பச்சி, பாரு! அப்பச்சி, பாரு!" என்று கத்தி என் தொண்டை வரைக்கும் வலித்தது, பதில் சொல்லியே. எங்க பக்கம் அம்மாவைப் பெத்தவரை அப்பச்சி, அவர் வீட்டுக்காரியை அம்மிச்சி என்போம்.

சாப்பிட்ட பிறகு கதை மாறிவிட்டது. சாப்பிட்டது என்று சொல்லக் கூடாது, மூணு ஸ்பூன் சோறு. ஒண்ணேகால் மணிக்கு ஒரு படகு ஆட்டத்துக்கு வரிசையில் நின்றோம். தகரக் கூரை. முன்னாடி நூறு பேர் இருக்கும். முதலில் சட்டை ஒட்டுது என்றான். கழட்டினோம். செருப்பு வேண்டாம் என்றான். கழட்டினோம். தரை சுட்டது, செருப்பு வேணும் என்றான். போட்டுவிட்டோம். பச்சை பலூன் வேணும் என்று அழுதான். மாப்பிள்ளை ஓடிப்போய் வாங்கி வந்தார். சிவப்பு பலூன் வேணும் என்று அழுதான். அக்காவை ஒரு அடி அடித்தான். மாப்பிள்ளை முகம் கறுத்துவிட்டது. மகள் அவரைப் பார்த்த பார்வை இருக்கே, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மூணு வயசுப் பிள்ளைக்கு "எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லத் தெரியாது. கேட்டால்கூட இல்லை என்றுதான் சொல்லும். அதுக்கு உடம்பு என்னவோ பண்ணுது, என்ன என்று தெரியவில்லை, கண்ணில் படுகிற பொருள் கிடைத்தால் சரியாகும் என்று நினைக்கிறது. பலூன் கிடைத்தும் சரியாகவில்லை என்றால் இன்னும் கோபம் வருகிறது. நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்.

"மாப்பிள்ளை, இவன் பலூனுக்கு அழலீங்க. தூக்கத்துக்கு அழறான். நீங்களும் பாப்பாவும் வரிசையிலயே நில்லுங்க. நாங்க இவனைக் கூட்டிட்டுப் போறோம்" என்றேன். அவர் ஒண்ணும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மகளையும் அங்கேயே நிற்கச் சொன்னேன். அவளும் ஒரு ஆட்டம் ஏறட்டுமே, அவளும் சின்னப் பிள்ளையா இருந்தபோது நான் இதுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனது கிடையாது.

படுக்க வைக்க இடம் தேடினதுதான் பெரிய பாடு. அத்தனை ஏக்கரில் ராட்டினத்துக்கு இடம் இருக்கு, கடைக்கு இடம் இருக்கு, ஒரு பிள்ளையைப் படுக்க வைக்க இடம் இல்லை. பெஞ்சு எல்லாம் இரும்பு, தொட முடியவில்லை. எங்கே போனாலும் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டு. கடைசியில் செக்யூரிட்டி பையன் ஒருத்தன்தான், "துணி மாத்துற ரூமுக்குப் பின்னாடி போங்க பெரியவரே, அங்க சத்தம் கம்மி" என்றான். போனால் அஞ்சாறு புங்கமரம், நல்ல அடர்ந்த நிழல். புங்க நிழலின் அருமை வெயில்காலத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். வேட்டியை நாலாக மடித்து விரித்தேன்.

அங்கே என் வீட்டுக்காரி ஒரு காரியம் செய்தாள். படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி அவன் போட்டிருந்த ஈர நைலான் துணியைக் கழட்டி, தலையைத் துவட்டி, காய்ந்த பருத்தித் துணியைப் போட்டுவிட்டாள். அரைப் பழம் ஊட்டினாள். தண்ணி கொடுத்தாள். ஈரத் துணியோடு எந்தப் பிள்ளையும் தூங்காது. பார்க்கில் கொடுத்த வரைபடத்தை மடித்து விசிறினாள். "என்ற தங்கம், குதிரை தூங்குது பாரு, ரயில் தூங்குது பாரு" என்று அவள் மூணாவதைச் சொல்றதுக்குள் தூங்கிவிட்டான். கையில் சிவப்பு பலூன்.

ஒரு மணி பத்து நிமிசம் தூங்கினான். நான் அந்த நேரம் முழுக்க முன்னாடி போகிற வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் ஒரு தீம் பார்க் வழியோரத்தில் உட்கார்ந்து பாருங்க. காலையில் பார்த்த அதே குடும்பங்கள்தான். காலையில் பிள்ளை முன்னாடி ஓடியது, அப்பா அம்மா பின்னாடி ஓடினார்கள். இப்போ அப்பா முன்னாடி போகிறார், பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. தோளில் தூங்கிக்கொண்டு போகிற பிள்ளைங்க, தலை வெயிலில் தொங்குது. ஒரு அம்மா, பொம்மை வேசம் போட்ட ஆளோடு போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்ற பிள்ளையை ஒரு அறை விட்டார். அந்தப் பிள்ளைக்கு நாலு வயசு இருக்கலாம். அந்தம்மாவைக் கெட்டவங்க என்று சொல்ல மாட்டேன். அவங்க முகத்திலும் அத்தனை களைப்பு. அறைந்த பிறகு அவங்களும் அழுதாங்க. வீட்டில் இருந்தால் அந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் தூங்கியிருப்பார்கள்.

மூணு மணிக்கு முழித்தான். கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தான். "குதிரை?" என்றான். அதுக்கப்புறம் அஞ்சரை வரைக்கும் குளத்தில் கிடந்தது ஒரு அழகு. வெயிலும் இறங்கிவிட்டது, கூட்டமும் குறைந்துவிட்டது. காலையில் இருபது நிமிசம் நின்ற குட்டி ரயிலுக்கு இப்போ வரிசையே இல்லை.

மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கிற ஆள் கிடையாது. "இவன் தூங்கினது நல்லதாப் போச்சு மாமா, ஒத்துக்கறேன். ஆனா பாப்பா தூங்காமத்தானே இருந்தா? அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அதுவும் பாதி சரி. ஏழு வயசுப் பிள்ளைக்குப் பகல் தூக்கம் தேவையில்லை. அவளைப் பிடித்து என் வேட்டியில் படுக்க வைத்திருந்தால் தண்டனை கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். நான் அவளிடம் அதைப் பேசவே இல்லை. ஆனா ஒண்ணும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. மூணரை மணிக்குத் தரையில் உட்கார்ந்துகொண்டு தலை வலிக்குது என்றாள். அம்மிச்சிதான் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தாள். காலையிலிருந்து ஒண்ணுக்கே போகவில்லை. நாள் முழுக்கத் தண்ணிக்குள் இருந்த பிள்ளை, தண்ணி குடிக்கவில்லை! மேலே தண்ணி பட்டுக்கொண்டே இருந்தால் தாகம் தெரியாது, வேர்க்கிறதும் தெரியாது. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் ரெண்டு டம்ளர், அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து கதை. அவ்வளவுதான், சரியாகிவிட்டது. அவளுக்கு வேண்டியது உட்காருகிற ஓய்வு. அவனுக்கு வேண்டியது தூங்குகிற ஓய்வு. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசினதால்தான் எங்க வீட்டு வாக்குவாதம் முடியாமல் இழுத்தது.

வெயிலை விளையாட்டாக நினைக்காதீங்க. சின்ன உடம்புக்கு, எடையோடு பார்த்தால் தோல் அதிகம். சுத்தி இருக்கிற சூடு சீக்கிரம் உள்ளே ஏறிவிடும். பெரியவங்க அளவுக்கு வேர்த்துத் தணிக்கவும் தெரியாது. சிமெண்டுத் தரையின் அனல் நம்ம முழங்காலுக்கு அடிக்கிறது என்றால் அதுங்க முகத்துக்கு அடிக்கும். பிள்ளை துவண்டு போய், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, உடம்பு கொதித்தாலோ அது தூக்கம் இல்லை. நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய், உடம்பை நனைத்து விசிறிவிட்டு, உடனே அங்கே இருக்கிற முதலுதவிக்காரரைக் கூப்பிடணும்.

என் கொழுந்தியா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன கதையைப் போனில் சொன்னான். 1971-ல் திறந்த இடம் அது. காலையில் திறக்கும்போதே போய்விட்டு, மத்தியானம் ஓட்டல் ரூமுக்குத் திரும்பி, பிள்ளைங்க தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம் மறுபடி உள்ளே போவார்களாம். அதே டிக்கெட்டில் திரும்ப விடுவார்கள், பார்க்கும் ராத்திரி வரைக்கும் இருக்கும். அதனால் அங்கே ஓய்வு என்றால் வெளியே போய் வருவது. நம்ம ஊரில் அந்த யோசனை எடுபடாது. பெரும்பாலான இடங்களில் பத்தரை, பதினொரு மணிக்குத்தான் கதவைத் திறக்கிறார்கள், அஞ்சு ஆறு மணிக்கு மூடிவிடுகிறார்கள். நல்ல வெயில் நேரம் முழுக்க உள்ளேதான். வெளியே போனால் திரும்ப விட மாட்டார்கள். அதனால் நம்ம ஓய்வை உள்ளேயே, நாமளே தேடிக்கொள்ளணும். ஏசி போட்ட சினிமா அரங்கு மாதிரி ஒண்ணு பல பார்க்குகளில் இருக்கு, சத்தமில்லாத படம் என்றால் அதுவும் உதவும். சாப்பாட்டை எல்லோரும் போகிற ஒரு மணிக்கு இல்லாமல் பன்னிரண்டுக்கே முடித்துவிட்டால், நல்ல நிழலில் இடம் கிடைக்கும்.

"கார்ல வரும்போது தூங்கிக்குவான்" என்று சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. தூங்குவான். சாயங்காலம் ஆறு மணிக்குக் காரில் தூங்கின பிள்ளை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் புதுசாக முழிக்கும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதோடு யார் விளையாடுவது என்று அப்போ ஒரு வாக்குவாதம் வரும். மத்தியானத் தூக்கத்தை மூணு, மூணேகாலுக்குள் முடித்துவிட்டால் ராத்திரித் தூக்கம் கெடாது.

ரெண்டு வயசுக் குழந்தையை இதுக்கென்றே கூட்டிக்கொண்டு போறவங்களும் உண்டு. பெரியவங்களுக்கு ஆசை என்றால் தாராளமாகப் போங்க, யார் பிடிக்கிறது? குழந்தைக்காகப் போறோம் என்று மட்டும் சொல்லாதீங்க. எங்க தோட்டத்துத் தண்ணித் தொட்டியில் மோட்டார் போட்டுவிட்டால் அதுக்கு அதுவே நீர்வீழ்ச்சி. பேரன் இங்கே இருந்த நாளெல்லாம் தொட்டியில் குளித்து, ரெண்டு மணிக்கு வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலில் தூங்கினான். அவனோடு எங்க நாயும் தூங்கியது.

மாப்பிள்ளை போன வாரம் போன் செய்தார். ஆடியில் அந்தியூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா, குதிரை காட்டலாமா என்று கேட்டார். சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்புகிற மாதிரி. வாங்க என்றேன். இப்போ வண்டி மாடு இல்லை, வேன்தான். வேனுக்கு அடியில் படுக்க முடியாது. கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி எனக்குத் தெரிந்த ஒருத்தர் தென்னந்தோப்பு இருக்கு, அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கோரைப்பாய் ரெண்டை அட்டத்திலிருந்து இறக்கி வெயிலில் போட்டிருக்கிறாள் என் வீட்டுக்காரி. ஒண்ணை எலி கடித்திருக்கு, புதுசு ஒண்ணு வாங்கணும்.